சேச்செனி இஷ்த்வானின் கல்லறை ஏன் புடாபெஸ்டில் இல்லை?

கேள்வி இதுதான்: புடாபெஸ்டில் சங்கிலிப் பாலம், வெந்நீர்க் குளியல் இல்லம், சதுக்கம் என்று எங்கே திரும்பினாலும் சேச்செனி என்ற பெயர். யார் இவர்? நாட்டின் பெரிய தலைவர்கள் எல்லாரும் கெரெபெஷி கல்லறைத்தோட்டத்தில் இருக்க, இவர் கல்லறை மட்டும் ஏன் அங்கே இல்லை? எங்கே இருக்கிறது, போய்ப் பார்க்க முடியுமா?

அவர் ஹங்கேரியின் மேற்கு ஓரத்தில், ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கத்தில், ஷோப்ரோன் நகரிலிருந்து 13 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நாஜ்செங்க் என்ற ஊரில், குடும்ப நிலவறையில் இருக்கிறார். தலைநகரில் இல்லாததற்குக் காரணம் அவர் இறந்த ஆண்டு. கெரெபெஷியில் பெரிய மண்டபங்களுக்குள் இருக்கும் மூவரைப் பாருங்கள். முதல் பிரதமர் பட்யானி லாயோஷ் 1849 அக்டோபர் 6இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடலை, இன்றைய புடாபெஸ்டின் ஒரு பாதியான பெஸ்ட் நகரின் ஃபிரான்சிஸ்கன் துறவிகள் தங்கள் தேவாலய நிலவறையில் 21 ஆண்டுகள் மறைத்து வைத்திருந்தார்கள்; 1870இல்தான் ஊரறிய அடக்கம் நடந்தது. 1867இல் ஆஸ்திரியாவோடு உடன்படிக்கை கண்ட தலைவர் தெயாக் ஃபெரென்ட்ஸ் 1876இல் இறந்தார். 1848 புரட்சியின் தலைவர் கோஷுத் லாயோஷ் 1894இல் இத்தாலியின் டூரினில் நாடுகடந்த நிலையில் இறந்து, ரயிலில் கொண்டுவரப்பட்டார். மூன்று அடக்கமுமே 1867 உடன்படிக்கைக்குப் பிறகு நடந்தவை. அதற்குள் வியன்னாவின் நேரடி ஆட்சி போய், ஹங்கேரி தன் தலைவர்களைத் தானே கொண்டாடும் நிலைக்கு வந்திருந்தது. சேச்செனி இறந்தது 1860 ஏப்ரல் 8. ஏழு ஆண்டு முந்திவிட்டார்.

அந்த ஏப்ரல் மாதம் வேறு மிக மோசமான நேரம். மார்ச் 15, வியன்னாவின் ஆட்சிக்கு எதிராக எழுந்த 1848 புரட்சியின் நினைவு நாள். 1860இல் அந்த நாளைக் கொண்டாட வந்த பெஸ்ட் மாணவர்கள் மீது காவலர்கள் சுட்டார்கள். ஃபொரின்யாக் கேஸா என்ற சட்ட மாணவர் காயத்தோடு இரண்டு வாரம் கிடந்து இறந்தார். ஏப்ரல் 4இல் நடந்த அவருடைய இறுதி ஊர்வலத்துக்குப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். பெயர் தெரியாத ஒரு மாணவனுக்கே அவ்வளவு கூட்டம். நான்கே நாளில் சேச்செனி இறந்த செய்தி வருகிறது. அவர் உடல் பெஸ்டுக்குள் வந்தால் என்ன நடக்கும் என்று அரசுக்குத் தெரியாதா? சத்தமில்லாமல் ஊரிலேயே அடக்கம் முடியட்டும் என்று நினைத்தார்கள். கூட்டம் சேரக்கூடாது என்று ஏப்ரல் 12இல் நடக்கவிருந்த அடக்கத்தை 11க்கு முன்தள்ளினார்கள். அப்படியும் ஆயிரக்கணக்கானோர் நாஜ்செங்குக்கு வந்து சேர்ந்தார்கள். தலைநகரம் தன் துக்கத்தை அந்த மாத இறுதியில், பெஸ்டின் உள்நகரத் தேவாலயத்தில் நடந்த இரங்கல் திருப்பலியில்தான் கொட்டித் தீர்த்தது.

இனி, அவர் யார் என்பது. பிறந்தது 1791 செப்டம்பர் 21, வியன்னாவில். தந்தை ஃபெரென்ட்ஸ் 1802இல் தன் நூல்களையும் நாணயத் திரட்டையும் நாட்டுக்கே கொடுத்தவர். ஹங்கேரியின் தேசிய நூலகமும் தேசிய அருங்காட்சியகமும் அந்தக் கொடையிலிருந்து முளைத்தவை. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். தேசிய நூலகத்துக்கு இருக்கும் பெயர் தந்தையுடையது. பாலத்துக்கு இருக்கும் பெயர் மகனுடையது. ஹங்கேரிய எழுத்தில் தந்தை பெயரில் இரண்டு நெடில் குறிகள், மகன் பெயரில் ஒன்றுதான். கல்வெட்டுகளில் இந்த ஒற்றைக் கோட்டைக் கவனித்தால் ஆள் மாறாது. அதோடு ஹங்கேரியர் குடும்பப் பெயரை முதலில் எழுதுவார்கள் என்பதால் பலகைகளில் ‘சேச்செனி இஷ்த்வான்’ என்றே இருக்கும்.

17 வயதில் படையில் சேர்ந்தார். நெப்போலியனுக்கு எதிரான 1813 லைப்சிக் போரில், இரவோடிரவாகக் குதிரையில் போய்ப் பிரஷ்யத் தளபதி ப்ளூக்கருக்குச் செய்தி கொண்டு சேர்த்தவர். பிறகு இங்கிலாந்து, இத்தாலி, கிரேக்கம், துருக்கி எல்லாம் சுற்றினார். இங்கிலாந்தில் பார்த்த இயந்திரங்களும் குதிரைப் பந்தயமும் மன்றங்களும் அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை.

1825 நவம்பர் 3 அவர் வாழ்க்கையைத் திருப்பிய நாள். நாடாளுமன்றம் அப்போது போஜொன்யில், அதாவது இன்றைய பிராட்டிஸ்லாவாவில், கூடியிருந்தது. ஹங்கேரிய மொழியை வளர்க்க ஒரு கழகம் வேண்டும், பணம்தான் இல்லை என்று பேச்சு. மேலவைக்காரரும் இளம் படையதிகாரியுமான சேச்செனி எழுந்து தன் நிலங்களின் ஓராண்டு வருமானம் முழுவதையும், 60,000 ஃபோரிந்த், தருவதாகச் சொன்னார். அங்கேயே மற்றப் பிரபுக்களும் கொடுக்க முன்வந்தார்கள். ஹங்கேரிய அறிவியல் கழகம் பிறந்தது இப்படித்தான். இத்தனைக்கும் அவர் தினமும் நாட்குறிப்பு எழுதியது ஜெர்மன் மொழியில்; ஹங்கேரிய மொழியில் சரளமாக எழுத வளர்ந்த பிறகு பாடுபட்டுப் பழகியவர். அந்தப் பாட்டை அறிந்தவர் என்பதால்தான் மொழிக்குக் கொடுத்த கொடை அவ்வளவு பெரிதாக இருந்தது என்று எனக்குத் தோன்றும்.

அவருடைய சிந்தனைக்கு நடுநரம்பு 1830இல் எழுதிய ‘ஹிதெல்’ என்ற நூல். அதன் பின்னணி ஒரு கடன் விண்ணப்பம். 1828இல் வியன்னா வங்கி ஒன்றில் 10,000 ஃபோரிந்த் கேட்டார்; கிடைக்கவில்லை. ஆயிரமாயிரம் ஏக்கர் வைத்திருந்தவருக்கு ஏன் கடன் இல்லை? 1351ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி பிரபுக்களின் நிலம் தனி மனிதனுடையதல்ல, வம்சத்துடையது. விற்க முடியாது, விற்றாலும் பங்காளி வந்து திரும்பக் கேட்கலாம், கடன்காரன் ஜப்தி செய்யவும் முடியாது. ஜப்தி செய்ய முடியாத நிலத்தை எந்த வங்கி அடமானமாக ஏற்கும்? பிரபுக்களைக் காப்பதாக நினைத்த சட்டமே அவர்களைக் கையில் காசில்லாத பெருநிலக்காரர்கள் ஆக்கிவிட்டது. முதல் இல்லாததால் நிலத்தில் புது முறை இல்லை, கூலியற்ற குடியானவன் உழைப்பு அரைமனத்தோடு நடக்கிறது, விளைச்சல் குறைகிறது. நோய்க்கு வேர் சலுகையில்தான் என்று அவர் தன் சொந்த வர்க்கத்தின் முகத்துக்கு நேரே சொன்னார். ‘ஹிதெல்’ என்ற சொல்லுக்குக் கடன் என்று பொருள். அதன் அடிச்சொல்லான ‘ஹித்’ நம்பிக்கை. தமிழில் ‘நாணயம்’ என்ற சொல் காசையும் குறிக்கும், வாக்குத் தவறாமையையும் குறிக்கும் அல்லவா, அதைப்போல ஒன்றை அந்தத் தலைப்பு செய்கிறது.

பாலத்துக்கு வருவோம். புடாவும் பெஸ்டும் அப்போது தனித்தனி ஊர்கள். நடுவே ஓடும் டானூப் ஆற்றைக் கடக்கப் படகுகளைக் கோத்த மிதவைப் பாலம்தான் உண்டு. குளிர்காலத்தில் பனிப்பாளங்கள் வந்து மோதும் என்பதால் அதைக் கழற்றிக் கரையேற்றிவிடுவார்கள். 1820 டிசம்பரில் தந்தை வியன்னாவில் இறந்த செய்தி வந்தபோது, இளைய மகன் ஆற்றைக் கடக்க முடியாமல் ஒரு வாரம் பெஸ்ட் கரையில் காத்துக் கிடந்தார்.

பாலம் கட்டப் பணத்தைவிடப் பெரிய தடை சுங்கம். பிரபுக்கள் எந்த வரியும் கட்டுவதில்லை; மிதவைப் பாலத்தில் குடியானவன் காசு கொடுப்பான், பிரபு சும்மா போவார். முதலீட்டை மீட்க வேண்டுமானால் எல்லாரும் கட்ட வேண்டும். 1836இல் நாடாளுமன்றம் அதைச் சட்டமாக்கியது. பிரபுக்களின் வரிவிலக்கில் விழுந்த முதல் விரிசல் அது. தலைமை நீதிபதி சிராக்கி அன்டல் அந்தப் பாலத்தில் கால் வைக்கவே மாட்டேன் என்று கண்ணீரோடு சொன்னதாகச் சொல்வார்கள். வடிவமைத்தவர் வில்லியம் டியர்னி கிளார்க், இடத்தில் இருந்து கட்டியவர் ஆடம் கிளார்க். பெயர் ஒன்றானாலும் இருவரும் உறவினர் அல்ல. பணம் திரட்டியவர் வியன்னா வங்கியாளர் கியோர்க் சினா. அடிக்கல் 1842 ஆகஸ்ட் 24.

கட்டுமானத்தில் நடந்த ஒரு விபத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1848 ஜூலை 18, கடைசிச் சங்கிலித் துண்டைத் தூக்கும் நாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வேலைச் சாரத்தின் மேல் நெருக்கியடித்து நின்றார்கள். சேச்செனியும் அங்கேதான் நின்றார். அப்போது அவர் அமைச்சர். துண்டு பாதி ஏறியபோது, தூக்கும் கப்பியின் சங்கிலி அறுந்தது. பல டன் இரும்பு சாரத்தின் மேல் விழுந்து அதை உடைத்தது. மக்கள் கூட்டமாக ஆற்றில் விழுந்தார்கள். 56 வயதுக்காரர் நீந்திக் கரையேறினார். அறுந்தது பாலத்தின் சங்கிலி அல்ல, தூக்கும் கருவியின் சங்கிலி. பாலத்தின் கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஏற்கெனவே நாடு போருக்குள் விழுகிறதே என்று தூக்கமிழந்து கிடந்தவருக்கு அது கெட்ட சகுனமாகவே பட்டது.

பாலம் திறந்தது 1849 நவம்பர் 20. கட்டி முடித்த பாலத்தில் அவர் ஒரு முறைகூட நடந்ததில்லை. 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் படை அதைத் தகர்த்தது. மீண்டும் கட்டி, சரியாக நூறாம் ஆண்டு நாளில், 1949 நவம்பர் 20இல் திறந்தார்கள்.

மற்ற வேலைகளைச் சுருக்கிச் சொல்கிறேன்: டானூப் நீராவிக் கப்பல் போக்குவரத்து, கசான் மலையிடுக்கில் ஆற்றோரச் சாலை, பெஸ்டில் உருளை மாவாலை, ஓபுடா கப்பல் கட்டும் துறை, 1846இல் பாலதோன் ஏரியின் முதல் நீராவிக் கப்பல். ஆனால் தீஸா ஆற்று வேலையைச் சுருக்க மனம் வரவில்லை. 1,400 கிலோமீட்டருக்கு மேல் பாம்புபோல் நெளிந்து, வெள்ளக்காலத்தில் சமவெளியையே சதுப்பாக்கிய ஆறு அது. பொறியாளர் வாஷார்ஹெய் பாலின் திட்டம் எளிமையானது: வளைவுகளின் கழுத்தை வெட்டி ஆற்றை நேராக்குவது, இரு கரையிலும் அணை எழுப்புவது. 1846 ஆகஸ்ட் 27இல் தீஸாதோப் என்ற இடத்தில் சேச்செனி முதல் மண்வெட்டியைப் போட்டார். வேலை முடிந்தபோது ஆறு சுமார் 450 கிலோமீட்டர் குறுகியிருந்தது. சிக்கல் எங்கே வந்தது என்றால், வேலை வரிசை தவறியதில். கீழ்ப்பகுதி வெட்டுகள் ஆழப்படாமல் கிடக்க, மேல்பகுதியில் அவரவர் நிலத்தைக் காக்க அவரவர் கரை எழுப்பினார்கள். பரந்து ஓடிய நீர் குறுகிய வழியில் உயர்ந்தது. 1879 மார்ச்சில் செகெத் நகரம் மூழ்கியது; 5,700 வீடுகளில் 265தான் நின்றன. இதை இருவருமே பார்க்கவில்லை. வாஷார்ஹெய் இறந்தது 1846 ஏப்ரல் 8, முதல் மண்வெட்டிக்கு முன்பே. பதினான்கு ஆண்டு கழித்து அதே தேதியில் சேச்செனி.

கோஷுத்தோடு அவருக்கிருந்த பிணக்கு பலருக்குப் புரிவதில்லை. ‘மிகப் பெரிய ஹங்கேரியர்’ என்ற பட்டத்தை 1840இல் சேச்செனிக்குக் கொடுத்தவரே கோஷுத்தான். மறு ஆண்டே சேச்செனி அவரைக் கடுமையாகத் தாக்கி ஒரு நூல் எழுதினார். குறிக்கோளில் பெரிய வேறுபாடு இல்லை. முதலில் பாலம், கடன், கப்பல். மற்றவை தானாக வரும், வியன்னாவோடு முட்டிக்கொண்டால் எல்லாம் போகும் என்பது ஒருவர் கணக்கு. மக்களைக் கிளப்பாமல் எதுவும் நகராது என்பது மற்றவர் கணக்கு. 1848 ஏப்ரலில் இருவரும் பட்யானியின் ஒரே அமைச்சரவையில் உட்கார்ந்தார்கள்; கோஷுத் நிதி, சேச்செனி போக்குவரத்தும் பொதுப்பணியும். கோடை முடிவதற்குள் வியன்னாவோடு போர் என்பது உறுதியாகிவிட்டது. இந்த அழிவுக்கெல்லாம் தான்தான் வித்திட்டவன், முதல் கல்லை அசைத்தவன் என்ற எண்ணம் சேச்செனியைத் தின்றது. செப்டம்பர் 5இல் மருத்துவர் அவரை வியன்னாவுக்கு அருகே டோப்ளிங்கில் இருந்த கோர்கன் மனநல விடுதிக்கு அழைத்துப் போனார். பதினொன்றரை ஆண்டுகள், சாகும்வரை அங்கேதான்.

முதல் சில ஆண்டுகள் இருட்டு. பிறகு மெல்லத் தெளிந்தார்; பார்வையாளர்கள் வந்தார்கள்; எழுதவும் தொடங்கினார். வியன்னா அமைச்சர் பாக்கின் ஆட்சி ஹங்கேரிக்குச் செய்த நன்மைகளைப் புகழ்ந்து, பெயரில்லாத சிறு வெளியீடு ஒன்று வந்தது. அதற்கு 1859இல் லண்டனிலிருந்து ஜெர்மன் மொழியில், இதுவும் பெயரில்லாமல், வரிக்கு வரி சாட்டையடியாக ஒரு பதில் நூல் வந்தது. எழுதியவர் டோப்ளிங்கில் இருந்தார். 1860 மார்ச் 3இல் காவலர்கள் அவர் அறைகளைச் சோதனையிட்டுத் தாள்களை அள்ளிப் போனார்கள். இந்த விடுதி இனி அவருக்குப் புகலிடம் அல்ல என்று காவல்துறை அமைச்சர் கடிதம் அனுப்பினார். ஏப்ரல் 8, உயிர்த்தெழுதல் ஞாயிறு. அன்று அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். கொலை என்று நம்புவோர் இன்றும் உண்டு. கடைசி வாரங்களின் குறிப்புகளும் அந்தக் கடிதம் உண்டாக்கிய அச்சமும் வேறு பதிலைத்தான் காட்டுகின்றன என்பதே என் முடிவு. அந்தக் கடிதத்தை எழுதியவர்களின் பொறுப்பு இதனால் குறைந்துவிடாது.

இனி நாஜ்செங்க். பழைய ஜெர்மன் நூல்களில் இந்த ஊர் ‘சிங்கென்டோர்ஃப்’ என்றிருக்கும். தேடும்போது இரண்டு பெயரையும் நினைவில் வையுங்கள். புடாபெஸ்டிலிருந்து ஷோப்ரோனுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். வியன்னாவிலிருந்து வந்தால் இன்னும் பக்கம். ஷோப்ரோனிலிருந்து பேருந்தே வசதி. ரயிலில் போவதானால் ஷோம்பத்ஹெய் செல்லும் தடத்தில் ஏற வேண்டும். கியோர் செல்லும் தடத்தில் ஏறினால் ஊருக்கு வடக்கே ஃபெர்தோபோஸில் இறங்க நேரும். திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், ஹங்கேரியில் பெரும்பாலான அருங்காட்சியகங்களுக்கு அன்று விடுமுறை. நிலவறை எல்லா நேரமும் திறந்திருக்காது என்பதால், முதலில் சேச்செனி குடும்ப அரண்மனையில் இருக்கும் அருங்காட்சியகத்துக்குப் போய்த் திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஊருக்குள் போவது நல்லது.

கல்லறைத்தோட்டம் ஊர்த் தேவாலயத்துக்கு எதிரே. அந்தத் தேவாலயத்தைக் கட்டச் செய்தவரே சேச்செனிதான்; வரைந்தவர் பின்னாளில் புடாபெஸ்ட் ஓபராவைக் கட்டிய இப்ல் மிக்லோஷ். கட்டி முடிந்தது அவர் இறந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு. நினைவு மண்டபம் என்றதும் கோஷுத்தின் மண்டபம்போல் பெரிய சிலைகள் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். 18ஆம் நூற்றாண்டில் குடும்பம் எழுப்பிய ஒரு சிற்றாலயம், பிற்காலத்தில் சேர்த்த தூண் முகப்பு, கீழே நிலவறை. அவ்வளவுதான். நிலவறை வாசலில் ஹங்கேரிய மொழியில் ஒரு வரி: ‘உங்களைப்போல் இருந்தோம், எங்களைப்போல் ஆவீர்கள்: தூசியும் சாம்பலும்.’ உள்ளே அவரும் மனைவி கிரெஸ்சென்ஸும் பக்கத்தில் பக்கத்தில். கிரெஸ்சென்ஸ் வேறொருவரின் மனைவியாக இருந்த காலத்தில் மனத்தைப் பறிகொடுத்து, அவர் கைம்பெண்ணாகும்வரை பல ஆண்டு காத்திருந்து, 1836இல் மணந்தவர் சேச்செனி. டோப்ளிங் ஆண்டுகளில் கணவரைக் கைவிடாமல் பார்த்துக்கொண்டவர் அவர், 1875இல் இறந்தார்.

அரண்மனையை 1945இல் போர் சூறையாடிவிட்டது. மீட்டுக் கட்டி 1973இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். சேச்செனி காலத்திலேயே இங்கே வாயு விளக்கும் நீர் பாய்ச்சும் கழிப்பறையும் இருந்தன. இங்கிலாந்திலிருந்து கற்று வந்தவற்றை முதலில் சொந்த வீட்டில் சோதித்துப் பார்த்த மனிதர். பக்கத்திலேயே ஃபெர்தோபோஸ் வரை 3.6 கிலோமீட்டர் ஓடும் சிறு ரயில் ஒன்றும் உண்டு. தண்டவாள அகலம் 760 மில்லிமீட்டர். ஓடும் நாட்கள் குறைவு என்பதால் அட்டவணை பார்த்துப் போங்கள்.

நேரம் இருந்தால் லிண்டன் மரச்சாலையையும் நடந்துவிடுங்கள். 2.6 கிலோமீட்டர், அதே குடும்பத்து அன்டலின் மனைவி பார்கோட்சி ஜுஜன்னா நட்டது. அதன் கடைசியில் தனியே இருப்பது மூத்த மகன் பேலாவும் இளம் வயதில் இறந்த அவர் மனைவி ஹன்னாவும் உறங்கும் கல்லறை. பலர் பாதி வழியில் திரும்பிவிடுகிறார்கள், தமிழர் திரும்பக்கூடாது. மனைவி இறந்த துயரத்தில் பேலா 1877இல் ஆசியாவுக்கு ஒரு பெரும் ஆய்வுப் பயணம் கிளம்பினார். உடன் அழைத்துப் போனவர்களில் ஒருவர் மொழியியலாளர் பாலிந்த் காபோர். நோயுற்று ஷாங்காயில் குழுவைப் பிரிந்த அந்தப் பாலிந்த், இந்தப் பயணத்தின் வழியாகத்தான் தமிழுக்கு வந்தார். 1888இல் ஹங்கேரிய மொழிக்குத் தமிழ் உறவு என்று வாதிட்டு ஒரு நூலும் வெளியிட்டார். அந்த உறவை இன்றைய மொழியியல் ஏற்கவில்லை. ஹங்கேரிய மொழி ஃபின்னிய, எஸ்தோனிய மொழிகளோடு சேர்ந்த உராலிய மொழி. ஆனாலும் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு ஹங்கேரியர் தமிழ் இலக்கணத்தோடு மல்லுக்கட்டியதற்குச் செலவு செய்தவர் அந்த மரச்சாலையின் முடிவில் இருக்கிறார்.